மூன்றாம் பருவம் முடிகிறது: வீட்டுக்குக் கொடுத்துவிடும் கடிதத்தில் என்ன எழுதலாம்?

அஞ்சாம் வகுப்பு டீச்சர்
செவ்வாய், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் நடுவே ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி, ஒன்று முதல் ஐந்து வரை. வருசா வருசம் கடைசி நாளில் பிள்ளைகளிடம் வீட்டுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுவோம். இந்த வருசம் அதை எழுதும் பொறுப்பைத் தலைமையாசிரியை சிஸ்டர் என்னிடம் கொடுத்திருக்கிறார்.

பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான். "அன்பார்ந்த பெற்றோர்களே, இறைவனின் பேரருளால் இக்கல்வியாண்டு இனிதே நிறைவுறுகிறது" என்று தொடங்கி இரண்டு பக்கம் போகிறது. போன ஜூனில் ஒரு பையன் புது நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டு வந்தான். அட்டையைப் பிரித்தால் உள்ளே எங்கள் கடிதம். பள்ளி திறக்கும் நாள், மாற்றுச் சான்றிதழ், ஆதார் எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. அவன் அம்மா ஒரு வரி படிக்கவில்லை. படிக்க அவருக்கு நேரம் எங்கே? காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வரும்போது பிள்ளை தூங்கிவிடுகிறான்.

அதனால் நேற்று வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "லீவில் மத்தியானம் மூணு மணிக்கு உங்கூட வீட்டில் யார் இருப்பாங்க?" அம்மா என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். பாதிக்கு மேல் அம்மிச்சி, அப்புச்சி, அப்பத்தா என்றார்கள். சிலருக்கு அக்கா. அந்த அக்காவே ஏழாவது படிக்கிறாள். "யாருமில்லீங்க மிஸ், பூட்டிட்டுப் போயிருவாங்க" என்று ஒரு பெண் சாதாரணமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்குப் பாடம் ஓடவில்லை.

அந்த மூன்று மணிக்கு வீட்டில் இருக்கிறவருக்குத்தான் இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன். என்னிடம் இருக்கிற செய்திகள் இவை: தேர்வு முடியும் நாள், ஐந்தாவது முடித்தவர்களுக்கு டி.சி., ஆதார், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் பிள்ளைகள் காசு சேர்த்த உண்டியலுக்கு நன்றி, பங்குக் கோயிலில் நடக்கும் புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்பு, கிணறு வாய்க்கால் எச்சரிக்கை, ஜூன் மாதம் திறப்பு, பள்ளியில் விட்டுப்போன சாமான்கள். எது வேண்டும், எது வேண்டாம், எப்படிச் சொன்னால் காதில் விழும்? உங்கள் வீட்டை நினைத்துச் சொல்லுங்கள்.

செக்கிங் அக்கா
செவ்வாய், இரவு 10.25

மிஸ், நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். என் பையன் வேறொரு கான்வென்ட் பள்ளியில் மூன்றாவது. எங்கள் வீட்டுக்கும் இந்தக் கடிதம் வரும். உள்ளதைச் சொல்கிறேன், நானும் முழுசாகப் படித்ததில்லை. மேலே பெரிய எழுத்தில் ஒரு தேதி இருந்தால் பார்ப்பேன். அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்வேன். அவ்வளவுதான்.

இரண்டு விசயம். பெற்றோர் கூட்டத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் வைக்காதீர்கள். சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். அன்றைக்கு யாரும் முன்னாடி எழுந்து வர முடியாது. சம்பளம் வாங்காமல் வந்தால் அடுத்த வாரம் மளிகைக்குக் கையில் காசிருக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினோரு மணிக்கு வைத்தால் நாங்கள் வருவோம். கோயிலுக்கு வருகிறவர்களும் அப்படியே இருப்பார்கள்.

இரண்டாவது, அந்த உண்டியல். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மனசில் இருப்பதைச் சொல்கிறேன். போன தவக்காலத்தில் எங்கள் பள்ளியிலும் அட்டை உண்டியல் கொடுத்தார்கள். நாங்கள் கிறித்தவர்கள் இல்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் "எல்லாரும் போடறாங்க, எனக்குப் பத்து ரூபாய் குடு" என்று என் பையன் தினம் காலையில் அழுதான். அந்த வாரம் ஆர்டர் இல்லை, மூன்று நாள்தான் வேலை. "விருப்பமுள்ளவர்கள் மட்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதைக் காட்டிச் சமாதானம் சொல்லியிருப்பேன்.

அஞ்சாம் வகுப்பு டீச்சர்
செவ்வாய், இரவு 10.50

அக்கா, அது எனக்கு வலிக்கிறது. ஆனால் சொன்னது நல்லது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று உண்டியல் கொடுக்கும்போது நானும் வகுப்பில் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. இல்லாதவர்களுக்கு நம்மிடம் இருப்பதிலிருந்து கொடுப்பதுதான் தவக்காலக் காணிக்கை. இல்லாத வீட்டிலிருந்தே பிடுங்கினால் அது காணிக்கை ஆகாது. நன்றி சொல்லும் இடத்தில் தொகையைப் போட மாட்டேன். அடுத்த வருசம் உண்டியலை வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு மட்டும் கொடுக்கலாம் என்று சிஸ்டரிடம் நாளைக்கே பேசுகிறேன்.

தோட்டத்து அப்பாரு
புதன், காலை 5.40

கண்ணு, நான் பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறவன். பேரன் பேத்தி நாலு பேர். ஏப்ரல் கடைசியில் டவுனிலிருந்து வந்து இறங்கினால் ஜூன் வரைக்கும் எங்கள் பொறுப்பு. நீ கேட்ட அந்த மூன்று மணிக்கு வீட்டில் இருக்கிற ஆள் நான்தான்.

"கிணற்றுக்குப் போகாதே" என்று எழுதினால் ஒரு பிள்ளையும் கேட்காது. வெயில் அப்படி. எங்கள் கிணறு எழுபதடிக் கிணறு. பாதி வரைக்கும் கல்கட்டு, அதற்குக் கீழே பாறை. தண்ணீர் வற்ற வற்றப் பாறையில் பாசி ஒட்டியிருக்கும். மேலே நின்று பார்த்தால் படி மாதிரித் தெரியும், கால் வைத்தால் சோப்பு மாதிரி வழுக்கும். மோட்டார் பைப்பைப் பிடித்து ஏறலாம் என்று நினைப்பார்கள். பைப் ஆடும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியும். டவுன் பிள்ளைகளுக்குத் தெரியாது. பள்ளத்து நீரும் வாய்க்கால் நீரும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் அதைவிட மோசம். கரை இரண்டு பக்கமும் சரிவாகப் பூசிவிட்டதால் உள்ளே இறங்குவது சுலபம், ஏறப் பிடிப்பே கிடையாது. எங்கள் பாசன மண்டலத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கும்போது மேலே அமைதியாகத்தான் போகும். இடுப்பளவு தண்ணீர் ஆளைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

நான் என் பேரன்களுக்குச் சொல்வது மூன்றுதான். பெரியவர் கரையில் இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஒருத்தன் முங்கினால் காப்பாற்றுகிறேன் என்று இன்னொருத்தன் குதிக்கக் கூடாது. கயிறோ சேலையோ நீளமான கம்போ எது கிடைக்கிறதோ அதை நீட்ட வேண்டும், தொண்டை கிழியக் கத்த வேண்டும். எங்கள் ஊரில் ஒரே நாளில் இரண்டு பிள்ளைகள் போனதற்குக் காரணம் அந்தக் குதிப்புதான். தம்பி முங்கினான் என்று அண்ணன் குதித்தான். அண்ணனுக்கும் நீச்சல் தெரியாது. இது நடந்து வருசம் நிறைய ஆகிவிட்டது, இன்னும் அந்தத் தோட்டத்து வழியில் நான் நடப்பதில்லை.

அப்புறம், நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்றும் எழுது. முன்னாடி சுரைப்புருடையை (காய்ந்த சுரைக்குடுக்கை) முதுகில் கட்டித் தண்ணீரில் விடுவோம். இப்போது இருபது லிட்டர் கேன். இரண்டு வாரம் போதும். லீவில் அதற்குத்தான் நேரம் இருக்கிறது.

அஞ்சாம் வகுப்பு டீச்சர்
புதன், காலை 7.15

அப்பாருங்க, நீங்கள் சொன்ன மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். குதிக்கக் கூடாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் கடிதத்தில் இத்தனை வருசமும் "நீர்நிலைகளுக்குச் செல்வதைத் தவிர்க்கவும்" என்று ஒரே வரி, அதுவும் இரண்டாம் பக்கத்தில் எட்டாவதாக இருந்தது.

மறைக்கல்வி ஆசிரியை
புதன், மத்தியானம் 1.30

நான் எங்கள் பங்கில் பதினோரு வருசமாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். புதுநன்மை வகுப்பைப் பள்ளிக் கடிதத்தில் கட்டாயம் போடுங்கள் டீச்சர். கோயிலில் பூசை முடிவில் அறிவித்தால் பாதிப் பேர் வெளியே போயிருப்பார்கள். மே மாதம் பதினைந்து நாள் வகுப்பு, அதற்குள் செபம், பத்துக் கட்டளை, பாவசங்கீர்த்தனம் எல்லாம் பிள்ளைக்குப் புரிய வைக்க வேண்டும். முதல் மூன்று நாள் யாரும் வர மாட்டார்கள். கேட்டால் "எங்களுக்குத் தெரியாதுங்க சிஸ்டர்" என்பார்கள். கடைசி வாரம் வெள்ளை உடைக்கு மட்டும் ஓடுவார்கள். பத்து வயதுப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள் அது. உடை தைக்கக் கொடுத்த அக்கறை வகுப்புக்கும் வேண்டாமா?

மங்கலம் ரோட்டுக்காரர்
புதன், இரவு 8.05

நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். என் மகளும் இப்படி ஒரு பள்ளியில்தான் படிக்கிறாள். சிஸ்டர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. நானும் அதே மாதிரி ஒரு பள்ளியில் படித்தவன். ஆனால் பள்ளி கொடுக்கிற கடிதத்தில் கோயில் வகுப்பு இருந்தால் எங்களைப் போன்ற வீட்டில் ஒரு குழப்பம் வரும். போன வருசம் என் அம்மா அதைப் படித்துவிட்டு "பிள்ளையை அனுப்பணுமா, அனுப்பாட்டி மார்க்கு போயிருமா" என்று கேட்டார். வயதானவர், பயந்துவிட்டார். அது யாருக்கானது என்று கடிதத்தில் தெளிவாக இல்லை.

ஓய்வு தலைமையாசிரியர்
புதன், இரவு 9.30

முப்பத்திரண்டு வருசம் உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேர் சொல்வதும் சரி. இதற்கு அரசமைப்புச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் பெற்றோர் சம்மதமில்லாமல் சமய போதனைக்கு உட்காரவைக்கக் கூடாது என்கிறது. அதனால்தான் நம் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி என்று ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு நடக்கிறது. கடிதத்திலும் அதே முறையைக் கையாளுங்கள். பங்கு வகுப்புக்குத் தனியாக ஒரு சின்னத் துண்டுச் சீட்டு, கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மட்டும். அதற்குக் கீழே பங்குத்தந்தை கையெழுத்து, பள்ளி முத்திரை வேண்டாம். அந்த அம்மாவுக்குப் பயம் வராது, இந்த ஆசிரியைக்குப் பிள்ளைகளும் வருவார்கள்.

டி.சி. பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐந்தாவது முடித்த பிள்ளைக்கு இது முதல் மாற்றுச் சான்றிதழ். அதில் பெயர், இனிசியல், பிறந்த தேதி மூன்றையும் அச்சாவதற்கு முன்னாடி பெற்றோர் பார்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளியில் ஒரு எழுத்து என்று இருக்கும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று என்று வேறு இருக்கும். தொடக்கப் பள்ளியில் இருக்கும்போதே திருத்திவிட்டால் ஒரு நாள் வேலை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் வருசக்கணக்கில் அலைச்சல். நான் தலைமையாசிரியராக இருந்தபோது ஐந்தாம் வகுப்புப் பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "எழுத்துக் கூட்டிப் படிங்க" என்று வாய்விட்டுப் படிக்க வைப்பேன். படிக்கத் தெரியாதவருக்குப் பிள்ளையே படித்துக் காட்டும்.

எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில், பிள்ளையைக் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) அனுப்பினால்தான் அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். சொல்லாமல் ஊர் மாறிப் போகிற குடும்பங்களில் பிள்ளையின் பெயர் பழைய பள்ளியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். புதுப் பள்ளியில் சேர்க்கவும் முடியாது, இங்கே வருகையும் இருக்காது. ஆகவே "ஊர் மாறுவதாக இருந்தால் போகும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று எழுதுங்கள்.

ஆறாவது எங்கே சேர்ப்பது என்பதையும் பெற்றோர் யோசிக்கட்டும். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கியது. பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9இல் நம் கோவையில்தான் தொடங்கினார்கள். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய். ஆனால் ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அந்த வகைப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறாவதில் மெட்ரிக்குக்கு மாற்றுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

இ-சேவை தம்பி
வியாழன், காலை 11.20

ஐயா சொன்னதோடு நான் சேர்த்துச் சொல்கிறேன். அவினாசிப் பக்கம் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஜூன் முதல் வாரம் எங்கள் கடையில் நிற்க இடமிருக்காது. ஏப்ரல், மே மாதம் ஆளே வராது. சாதிச் சான்றிதழும் ஆதாரும் லீவிலேயே முடிப்பதற்கு எழுதுங்கள் டீச்சர். வருமானச் சான்றிதழ் ஒரு வருசத்துக்குத்தான் செல்லும், அதை மட்டும் தேவைப்படும்போது எடுத்தால் போதும்.

ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் கைரேகையும் கருவிழியும் இருக்காது. ஐந்து முடிந்ததும் ஒரு தடவை பதிவு செய்ய வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இது விட்டுப்போயிருக்கிறது.

கிறித்தவரான ஆதிதிராவிடர் குடும்பங்கள் சில சமயம் எஸ்.சி. என்று விண்ணப்பித்து, அது தள்ளுபடி ஆகி, மறுபடி வருகிறார்கள். எஸ்.சி. பட்டியலுக்கான 1950ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணை காரணமாக அவர்களுக்கு இங்கே பி.சி. என்றுதான் சான்றிதழ் கிடைக்கிறது. அது நியாயமா என்பது பெரிய வழக்கு, பெரிய வருத்தம். ஆனால் பிள்ளை சேர்க்கை நாளில் அலையக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன். அப்புறம், சிறுபான்மையினர் உதவித்தொகைக்கு இன்னமும் ஒன்றாவது, இரண்டாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எட்டாவது வரைக்கும் அதை 2022-23 முதலே நிறுத்திவிட்டார்கள். சும்மா வந்து கூலி இழக்க வேண்டாம்.

கைமடிப் பாட்டி
வியாழன், மாலை 6.45

என் மருமகள் போனில் இருந்து எழுதுகிறேன், தப்பிருந்தால் மன்னிக்கவும். வீட்டிலேயே பனியன் கம்பெனித் துணிகளைக் கைமடி மடித்துக்கொண்டு இரண்டு பேத்திகளைப் பார்க்கிறேன். எனக்கு ஒரு கவலை, அதைக் கடிதத்தில் எழுத முடியுமா தெரியவில்லை. பள்ளி இருக்கும்போது காலையிலும் மத்தியானமும் அங்கேயே சாப்பாடு ஆகிவிடும், முட்டையும் கிடைக்கும். லீவு விட்டால் இரண்டு வேளையும் வீட்டில் பொங்க வேண்டும். எனக்கு அது பாரமில்லை. ஆனால் எங்கள் லைன் வீட்டில் பூட்டிவிட்டுப் போகிற பிள்ளைகள் மத்தியானம் கடையில் பாக்கெட் வாங்கித் தின்று தண்ணீர் குடித்துக்கொள்கிறதுகள். நானே இரண்டு பேருக்குச் சோறு போடுகிறேன். எல்லாருக்கும் என்னால் முடியுமா சாமி?

அஞ்சாம் வகுப்பு டீச்சர்
வியாழன், இரவு 9.40

பாட்டி, நீங்கள் எழுதியது கடிதத்தில் வர வேண்டிய முதல் விசயம்.

காலை உணவு எங்கள் மாதிரிப் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாள் அன்று வந்தது. கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கி, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளியில்தான் தொடங்கினார்கள். அது வந்த முதல் மாதத்தில் எனக்குத் தெரிந்த பெரிய மாற்றம், பதினோரு மணிக்கு வயிற்று வலி என்று சொல்கிற பிள்ளைகள் இல்லாமல் போனார்கள். பசியைத்தான் அதுகள் வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. இப்போது ஏப்ரல் கடைசியில் அந்த வலி திரும்ப வரும் என்றால் நாம் என்ன செய்வது?

இன்று சிஸ்டரிடம் பேசினேன். மே மாதம் கான்வென்டில் நான்கு சிஸ்டர்கள் இருப்பார்கள். பூட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும், மத்தியானம் பன்னிரண்டு முதல் நான்கு வரை பள்ளித் திண்ணையைத் திறந்து வைக்கலாம், சாப்பாடும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பங்கின் குடும்பக் குழுவான அன்பியத்தில் கேட்டால் அரிசி, பருப்பு சேரும் என்கிறார். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிய வேண்டும். அதைக் கேட்பதற்குக் கடிதத்தில் கீழே ஒரு துண்டு, கிழித்துக் கொடுக்கிற மாதிரி. "பிள்ளை தனியாக இருக்கும்: ஆம் / இல்லை." இதைக் கேட்டால் யாருக்காவது கூச்சமாக இருக்குமா?

செக்கிங் அக்கா
வியாழன், இரவு 10.30

கூச்சமாகத்தான் இருக்கும் மிஸ். "தனியாக இருக்கும்" என்று எந்த அம்மா எழுதிக் கொடுப்பாள்? "மத்தியானம் பள்ளிக்கு அனுப்ப விருப்பம்" என்று கேளுங்கள். எல்லாரும் அனுப்பலாம் என்று வைத்தால் அனுப்ப வேண்டியவள் அனுப்பிவிடுவாள்.

உடுமலைக்காரன்
வெள்ளி, காலை 8.00

வடநாட்டுக் குடும்பங்களை மறந்துவிட்டீர்களே. எங்கள் பக்கம் நூல் மில், கோழிப்பண்ணை எல்லாவற்றிலும் ஒடிசா, பீகார்க்காரர்கள்தான். பிள்ளைகள் நம் பள்ளியில் படித்து நம் ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே பேசுகிறார்கள். மே மாதம் தன்பாத் ரயில் ஏறினால் சிலர் ஜூனில் வருவதில்லை, ஆகஸ்டில் வருகிறார்கள். அதற்குள் முதல் பருவம் பாதி போய்விடும். தமிழ்க் கடிதத்தை அவர்கள் என்ன செய்வார்கள்?

அஞ்சாம் வகுப்பு டீச்சர்
வெள்ளி, இரவு 9.15

இன்றைக்கு அதற்கு ஒரு வழி கிடைத்தது. என் வகுப்பில் ஒரு ஒடியாப் பையன் இருக்கிறான். ஒன்றாவதில் சேர்ந்தபோது "தண்ணி", "சாப்பாடு" இரண்டுதான் தெரியும். இப்போது எண்ணும் எழுத்தும் புத்தகத்தில் மேல் நிலையான மலர் நிலைப் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். மத்தியானம் என் கடித நகலைக் கொடுத்து, "இதை உங்க அம்மாவுக்குச் சொல்ற மாதிரிச் சொல்லு" என்றேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாய்க்குள் படித்துவிட்டு, நிமிர்ந்து என் போனைப் பார்த்து ஒடியாவில் சொன்னான். கிணறு என்று வந்த இடத்தில் நிறுத்தி, கையால் ஆழம் காட்டி, குரலைக் கூட்டிச் சொன்னான். எனக்கு ஒரு சொல் புரியவில்லை, ஆனால் விசயம் முழுக்கப் புரிந்தது. அந்த வாய்ஸை அவர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அரை மணியில் இரண்டு அப்பாக்கள் திரும்பக் கூப்பிட்டு, ஜூனில் எந்தத் தேதி என்று கேட்டார்கள்.

தமிழிலும் இதே மாதிரி வாய்ஸ் போடலாம் என்று இருக்கிறேன். கடிதம் படிக்காத வீட்டிலும் அது கேட்கும். கூடவே கடைசி நாள் மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டமாக உட்காரவைத்து, கடிதத்தை அவர்களே சத்தமாகப் படிக்க வேண்டும்.

தேதி பற்றி ஒன்று. திறப்பு நாளைக் கடிதத்தில் அச்சடிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். 2023இல் வெயிலால் ஒன்று முதல் ஐந்து வரைக்கும் ஜூன் 14இல்தான் திறந்தோம். 2024இல் ஜூன் 10. 2025இல் ஜூன் 2. அச்சடித்த தேதியை நம்பிப் பிள்ளையைக் கொண்டுவந்து பூட்டிய கேட் முன்னால் விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போன அம்மா ஒருவரை எனக்குத் தெரியும்.

இதுதான் நான் எழுதியிருப்பது. ஒரு பக்கம்தான்.

"வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மிச்சி, அப்புச்சி, அப்பத்தா, அப்பாரு, அக்கா, அம்மா, அப்பா எல்லாருக்கும் வணக்கம்.

பெரியவர் ஒருவர் கரையில் இல்லாமல் கிணறு, வாய்க்கால், குட்டை எதிலும் பிள்ளை கால் வைக்கக் கூடாது. யாராவது முங்கினால் குதிக்கக் கூடாது. கயிறு, சேலை, கம்பு நீட்டுங்கள், கத்துங்கள். 108க்குக் கூப்பிடுங்கள்.

மே மாதம் மத்தியானம் 12 மணி முதல் 4 மணி வரை பள்ளித் திண்ணை திறந்திருக்கும். சாப்பாடு உண்டு. எந்தப் பிள்ளையும் வரலாம். அனுப்ப விரும்பினால் கீழே உள்ள துண்டைக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைக்கு ஏதாவது துன்பம் என்றால், யாராவது தப்பாக நடந்தால், 1098க்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். பிள்ளையே பேசலாம்.

ஐந்தாவது முடித்த பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் டி.சி.யில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஞாயிறு காலை 11 மணிக்கு வாருங்கள். ஊர் மாறுவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆதார், சாதிச் சான்றிதழ் வேலையை லீவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒன்றாவது சேர்க்க ஜூலை 31க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும்.

பள்ளி ஜூனில் திறக்கும். தேதி தெரிந்ததும் வாட்ஸ்அப்பில் குரலில் சொல்வோம், சர்ச் வாசலிலும் ரேசன் கடையிலும் எழுதி ஒட்டுவோம். முதல் நாளே அனுப்புங்கள், புத்தகமும் சீருடையும் அன்றே தேவைப்படும்.

வருடம் முழுக்கப் பிள்ளைகளை எங்களிடம் நம்பி விட்டீர்கள். அவர்கள் நலமாகத் திரும்பி வர வேண்டும் என்று தினமும் செபிக்கிறோம்."

தோட்டத்து அப்பாரு
சனி, காலை 5.50

நல்லா இருக்குது கண்ணு. எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அந்தக் கிணற்று வரிகளை மைக்கில் படித்துவிடச் சொல்கிறேன். பூசாரி சொன்னால் கேட்பார்.

மங்கலம் ரோட்டுக்காரர்
சனி, காலை 9.10

இந்தக் கடிதம் என் அம்மாவுக்குப் புரியும். புதுநன்மை துண்டுச் சீட்டு தனியாகப் போகிறதா?

அஞ்சாம் வகுப்பு டீச்சர்
சனி, காலை 9.30

தனியாகத்தான். பங்குச் சாமியாரே எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் நாள் வருகிற பிள்ளைகளைக் கருமத்தம்பட்டி செபமாலை மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகவும் போட்டிருக்கிறார். மறைக்கல்வி டீச்சருக்கு இந்த வருசம் முதல் மூன்று நாளும் ஆள் இருக்கும்.

மறைக்கல்வி ஆசிரியை
சனி, மத்தியானம் 12.40

நன்றிங்க டீச்சர். எங்கள் சாமியாரிடமும் கேட்கிறேன். விட்டுப்போன சாமான்களைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லையே?

அஞ்சாம் வகுப்பு டீச்சர்
திங்கள், இரவு 8.50

வேண்டுமென்றுதான் எடுத்துவிட்டேன். "ஒரு வாரத்தில் எடுத்துக்கொள்ளாவிட்டால் பள்ளி பொறுப்பல்ல" என்று பழைய கடிதத்தில் இருந்தது, திட்டுவது மாதிரி. அதற்குப் பதிலாக இன்று எல்லாவற்றையும் வராண்டாவில் பெஞ்சு போட்டு வரிசையாகப் பரப்பி வைத்தேன். தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, இரண்டு குடை, ஒரு செபமாலை, மூடியில்லாத டிபன், டிபனில்லாத மூடி. ஜனவரியிலிருந்து ஒரு சில்வர் தூக்குப்போசி யாரும் கேட்காமல் கிடந்தது. மூடியில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது, பழைய காலத்துப் பெயர், கூடவே கல்யாணத் தேதி.

சாயங்காலம் பேத்தியைக் கூப்பிட வந்த ஒரு அம்மிச்சி பெஞ்சைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். மூடியை எடுத்து முந்தானையால் துடைத்தார். விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். "இது எங்கம்மா எனக்குச் சீர் குடுத்ததுங்க டீச்சர். வீட்டில தேடாத இடமில்ல" என்றார். பேத்தி அவர் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தொலைத்ததைச் சொன்னால் அடி விழும் என்று மூன்று மாதம் வாயே திறக்கவில்லையாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து அந்தப் போசிக்குள் வைத்து மூடி, பேத்தி கையிலேயே கொடுத்து நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்.